உறங்கும் புல்விதையை எழுப்புவது எப்படி?

விதைத்த நிலத்தில் மூன்று வாரம் கழித்தும் பசுமை காணாவிட்டால், விதை சொத்தை என்றும், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றும் முடிவு கட்டுவது மக்களின் இயல்பு. நெல்லும் பயறும் விதைத்துப் பழகியவர்கள் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் மாட்டுத் தீவனத்துக்கென வாங்கி விதைக்கப்படும் புல்விதையைப் பொறுத்தவரை அம்முடிவு பல வேளைகளில் பிழையாகப் போகும். அந்த விதை சொத்தையும் அன்று; செத்ததும் அன்று. அது உறங்குகிறது. உறங்கும் விதையை எழுப்பும் முறைகள் பல உள. எந்த விதைக்கு எந்த முறை என்று அறியாமல் கையாண்டால், எழுப்பப் போய்க் கொன்றுவிட நேரும். இக்கட்டுரை சொல்ல வருவது முக்கியமாக அதைத்தான்.

நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் கறவை மாடு வைத்திருந்தோர்க்கு விதை பற்றிய கவலை நெடுங்காலம் எழவே இல்லை. ஓடையோரத்திலும் சாலையோரத்திலும் தானாக வளர்ந்த புல்லை அறுத்து வந்து போட்டனர். பயிரிட விரும்பியவர்கள் நேப்பியர் புல்லைக் கரும்பைப் போலக் கரணை வெட்டி நட்டனர். சிறு துண்டு நிலத்துக்கு அம்முறை மிகப் பொருத்தமானதே. ஆனால் இரண்டு மூன்று ஏக்கரில் மேய்ச்சல் நிலம் அமைக்க நினைப்பவன் கரணையை வெட்டவும் சுமக்கவும் நடவும் கொடுக்கும் கூலியைக் கணக்குப் பார்த்தால் விதையின் பக்கம் திரும்பத்தான் வேண்டும். அவ்வாறு விதைக்கப்படும் புற்களில் இரண்டு நம் மண்ணில் நன்கு நிலைபெற்றவை: ஒன்று கினி புல், மற்றொன்று சிக்னல் புல். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மார்டி என்னும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் தீவனப் பரிசோதனைகளிலும் இவ்விரண்டும் இடம்பெற்றிருக்கின்றன. இரண்டுக்கும் தாயகம் ஆப்பிரிக்கா. இரண்டின் விதையும் தூங்குமூஞ்சி விதை!

சிக்னல் புல்லின் வரலாறே இதற்குச் சான்றாகும். அதன் தாவரப் பெயர் பிரேக்கியேரியா டிகம்பென்ஸ். அண்மைக்கால வகைப்பாட்டில் அதை யூரோக்ளோவா என்ற இனத்தில் சேர்த்துள்ளனர். 1930ஆம் ஆண்டில் அதன் விதை உகாண்டாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பேசிலிஸ்க் என்னும் பெயரில் அது உழவர்க்கு உரிய இரகமாக அங்கீகரிக்கப்பட்டதோ 1966ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஆண்டுகள் முப்பத்தாறு. நல்ல புல்லாயிற்றே, ஏன் இத்தனை தாமதம் என்று கேட்கலாம். விதைத்தால் முளைக்காத புல்லை யார் விரும்பி வாங்குவர்? 1968ஆம் ஆண்டில் க்ரோஃப் என்னும் ஆராய்ச்சியாளர் இப்புல்லின் விதை உயிருள்ளதா என்பதை ஆராய்ந்து குவீன்ஸ்லாந்து வேளாண் ஆராய்ச்சி இதழில் எழுதினார். குற்றம் விதையின் உயிரில் இல்லை, அதை மூடியிருக்கும் உமியில் இருக்கிறது. அந்த உமியைக் கந்தகத் திராவகத்தால் தேய்வுறச் செய்தால் முளைப்பு உயர்கிறது என்பது தெரியவந்தது. பின்னர் இப்புல் வெப்ப நாடுகள் பலவற்றில் பரவிற்று. இன்று பிரேசில் நாட்டில் இதுவும் இதன் உறவுப் புற்களும் பரந்த மேய்ச்சல் நிலங்களை நிரப்பியிருக்கின்றன.

விதை ஏன் உறங்க வேண்டும்? ஆப்பிரிக்கப் புல்வெளியில் மழைக்காலம் ஒன்று, வறண்ட காலம் ஒன்று. மழைக்காலம் முடியும் தறுவாயில் புல் கதிர்விட்டு விதையை உதிர்க்கிறது. உதிர்ந்த விதை உடனே முளைத்துவிட்டால் என்ன ஆகும்? கடைசித் தூறலில் தலைகாட்டிய அத்தனை நாற்றும் அடுத்து வரும் வெயிலில் கருகிப்போகும். இந்தப் பேரிழப்புக்குத் தப்பி நின்றவை, உதிர்ந்த பின் சில மாதம் முளைக்க மறுத்த விதைகளே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அம்மறுப்பு அப்புல்லின் பிறவிக் குணம் ஆகிவிட்டது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் மலேசிய மண்ணில் அக்குணத்துக்குத் தேவையில்லை. ஆயினும் விதைக்கு அது தெரியாதே! உகாண்டாவின் கோடையை எதிர்பார்த்து அது பகாங்கில் படுத்திருக்கிறது.

பூட்டு எங்கே இருக்கிறது என்பதை இனிப் பார்ப்போம். புல்விதை என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு சின்னஞ்சிறு நெல். நெல்லும் புல்லினத்தைச் சேர்ந்ததுதானே. நடுவில் அரிசி, அரிசியின் ஒரு முனையில் முளைக்கரு, வெளியே ஒன்றையொன்று இறுகக் கவ்விய இரண்டு உமிகள். புது நெல்லை அறுத்த கையோடு விதைத்தால் சில இரகங்கள் சரியாக முளைப்பதில்லை என்பது உழவர் அறிந்த செய்தி. பிலிப்பைன்சிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அத்தகைய நெல்லை 50 பாகைச் சூட்டில் சில நாள் உலர்வாக வைத்து அதன் உறக்கத்தைக் கலைக்கின்றனர். சிக்னல் புல்லிலோ உமி மேலும் தடித்தது, பளபளப்பானது. நீர் அதனுள் மெல்ல நுழைந்துவிடும். ஆனால் முளைக்கரு மூச்சுவிடத் தேவையான பிராணவாயு போதிய அளவு உட்புகுவதை அந்த உமி தடுத்துவிடுகிறது. உமியைக் கவனமாக உரித்தெடுத்தால் அதே விதை முளைப்பதைப் பரிசோதனைச் சாலைகளில் கண்டிருக்கிறார்கள்.

உமி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. அறுவடையான புதிதில் முளைக்கருவே முதிராத மயக்கத்தில் இருப்பதுண்டு. விதை முளைக்கும்போது கருவிலிருந்து ஜிப்பரலின் என்னும் ஊக்கப்பொருள் ஊறிச் சென்று, அரிசியின் மாவைச் சர்க்கரையாக மாற்றும் வேலையைத் தூண்டுகிறது. அந்தச் சர்க்கரையே முளைக்கு முதல் உணவு. இப்பொருள் கண்டறியப்பட்ட கதையும் நெல்வயலில்தான் தொடங்கியது. நெற்பயிரை அளவுமீறி உயரச் செய்து சாய்த்துவிடும் ஒரு பூஞ்சை நோயை ஆராய்ந்த ஜப்பானியரான குரோசவா, அப்பூஞ்சையிலிருந்து கசியும் ஏதோ ஒன்றே அந்த உயரத்துக்குக் காரணம் என்று 1926ஆம் ஆண்டில் காட்டினார். மயங்கிய விதையில் இந்த ஊக்கப்பொருளின் கை தாழ்ந்தும், அதை அடக்கும் பொருளின் கை ஓங்கியும் இருக்கும். நாள் செல்லச் செல்ல நிலைமை மாறுகிறது. ஆகவே புல்விதைக்குப் பூட்டு இரண்டு: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று.

இவ்விடத்தில்தான் பெரிய தவறு நேர்கிறது. பால்மரத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள், மண்ணை மூடி வளர்க்கும் கொடிப்பயிர்களின் விதையை வெந்நீரில் ஊறவைப்பதைப் பார்த்திருப்பர். கலப்போ, சென்ட்ரோ, புவேராரியா என்பன அக்கொடிகள். இரண்டு பங்கு கொதிநீரும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்தால் ஏறக்குறைய 75 பாகைச் சூடு வரும். அதில் விதையைக் கொட்டி ஊறவைத்து எடுப்பார்கள். சவுண்டல் என்னும் தீவன மரத்தின் விதையையும் 80 பாகை வெந்நீரில் மூன்று நான்கு நிமிடம் வைத்து எடுப்பது வழக்கம். இவை யாவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் தோல், மெழுகு பூசிய கல் போன்றது; ஒரு சொட்டு நீரையும் உள்ளே விடாது. வெந்நீர் அத்தோலில் ஒரு நுண்ணிய வாயிலைத் திறந்துவிடுகிறது. நீர் புகாத தோல் இருப்பதனால்தான் உள்ளிருக்கும் கரு அந்தச் சூட்டிலும் வேகாமல் தப்புகிறது. அதே விதைக் குவியலில் தோல் இளகிய விதை சில இருந்தால் அவை வெந்து மடிவதையும் காணலாம்.

புல்விதையின் உமி நீரைத் தடுப்பதில்லை என்று மேலே கண்டோம். எனவே அவரை விதைக்குச் சொன்ன வெந்நீர் வைத்தியத்தைப் புல்விதைக்குச் செய்தால், சூடு நேரே கருவைத் தாக்கும். காசு கொடுத்து வாங்கிய விதை கஞ்சியாகும்! எது எந்த வகை என்று ஐயமிருந்தால் ஒரு பிடி விதையைச் சாதாரண நீரில் ஓர் இரவு போட்டுப் பார்க்கலாம். காலையில் கல்லைப் போல மாறாமல் கிடப்பது வன்தோல் விதை, வெந்நீர் அதற்குரியது. நீரை ஏற்று ஊறியும் பல நாள் முளைக்காமல் கிடப்பதோ உறங்கும் விதை. அதற்கு வைத்தியம் வேறு.

அந்த வேறு வைத்தியங்களில் செலவில்லாதது காலம். கினி புல் விதை அறுவடையான உடனே மிகச் சொற்பமாகவே முளைக்கும். ஆறு மாதம், சில வேளை ஓராண்டு கழிந்தபின் நன்றாக முளைக்கும். தமிழ்நாட்டில் காங்கேயம் மாடுகளை வளர்க்கும் கொங்கு வட்டாரத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. அவற்றில் வளரும் கொழுக்கட்டைப் புல்லின் விதையும் இத்தன்மையதே. பஞ்சு போன்ற சுனைக்குள் பொதிந்திருக்கும் அவ்விதைக்கும் உறக்கம் தெளியப் பல மாதம் வேண்டும். ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கத்து உலர்ந்த காற்று வேறு, நம் நாட்டின் ஈரக்காற்று வேறு. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. திறந்த சாக்கில் வைத்த விதை அந்த ஈரத்தை உறிஞ்சி, தன் எடையில் 14 விழுக்காடு நீரை ஏற்றுக்கொள்ளும். உறக்கம் தெளிவதற்கு முன்னே உயிர் போய்விடும்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாரிங்டன் என்னும் விதை நிபுணர் இதற்கு எளிய கணக்கொன்றைச் சொன்னார். விதையிலுள்ள ஈரம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கும். வைத்திருக்கும் இடத்தின் சூடு ஐந்து ஆறு பாகை குறையுந்தோறும் அவ்வாறே இரட்டிக்கும். இது துல்லியமான விதி அன்று. ஈரம் 5 விழுக்காட்டுக்கும் 14 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட விதைக்குப் பொருந்தும் தோராயக் கணக்கு. எனினும் இதைவிடப் பயனுள்ள கணக்கு விதை வைத்திருப்போர்க்கு வேறில்லை. விதையை நிழலில் நன்கு உலர்த்தி, மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் போட்டு, அடியில் நன்கு வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து வைத்தால் அரிசி ஈரத்தை வாங்கிக்கொள்ளும். டின்னை வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வைத்தால் போதும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஆயுள் நீளும். ஆனால் உறக்கமும் கூடவே நீளும். உறக்கம் தெளிய வேண்டிய புது விதையை முதலில் சில மாதம் அறைச் சூட்டில் உலர்வாக வைத்திருந்து, அதன் பிறகே குளிரில் வைப்பது முறை.

காத்திருக்க முடியாதவர்க்குக் கந்தகத் திராவக முறை இருக்கிறது. கலப்பற்ற, முழு வலிமையுள்ள திராவகத்தில் உலர்ந்த சிக்னல் புல் விதையைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டுக் கண்ணாடிக் கோலால் கிளறுவர். உமி கறுத்து மெலியும். பிறகு திராவகத்தை வடித்து, விதையை ஏராளமான ஓடும் நீரில் ஒரே வீச்சில் கொட்டிப் பலமுறை அலசி, நிழலில் உலர்த்துவர். சொல்ல எளிது, செய்யத் தேர்ச்சி வேண்டும். நேரம் குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் திராவகம் உமியைத் தாண்டிக் கருவைத் தின்றுவிடும். அதைவிடப் பெரிய அபாயம் மனிதனுக்கு. திராவகத்தின்மேல் சிறிதளவு நீர் விழுந்தால் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். பால் உறையவைக்கும் பார்மிக் அமிலத்தோடு பழகிய தோட்டத்து மக்கள், திராவகம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. அடர்ந்த கந்தகத் திராவகம் அதனினும் கொடியது. பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக் கொல்லையில் செய்யத்தக்க வேலையே அன்று இது. விதை நிலையத்தாரும் கருவிகள் உடையோரும் செய்யட்டும்.

உண்மையில் இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் விதையில் ஒரு பகுதி அங்கேயே திராவகச் சிகிச்சை பெற்றுத்தான் வருகிறது. சுண்ணாம்புப் பொருளும் மருந்தும் வண்ணமும் பூசி உருண்டை உருண்டையாக வரும் விதையில் இது சாதாரணம். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதற்கேள்வி, இந்த விதைக்கு முன்பே சிகிச்சை செய்யப்பட்டதா என்பது. செய்த விதைக்கு மறுபடி செய்தால் அது பிழைக்காது. செய்த விதை நீண்ட நாள் சேமிப்புக்கும் தாங்காது, கவசம் மெலிந்துவிட்டதல்லவா? வாங்கிய பருவத்திலேயே விதைத்துவிட வேண்டும். பிரேசிலில் இன்னொரு வழியும் உண்டு. கதிரை அறுக்காமல், விதை தானே முற்றி உதிரும்வரை காத்திருந்து, தரையிலிருந்து கூட்டி எடுக்கிறார்கள். வெயிலில் தரையிலேயே கிடந்த அவ்விதைக்கு உயிரும் மிகுதி, உறக்கமும் குறைவு. மண்ணும் கல்லும் கலந்திருப்பது அதன் குறை.

வீட்டிலேயே செய்யக்கூடிய மென்மையான முறை வெடியுப்பு நீர். பொட்டாசியம் நைட்ரேட் என்று மருந்துக்கடையில் சொல்லப்படுவதையே நம் முன்னோர் வெடியுப்பு என்றனர். ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் கரைத்த கரைசலால் முளைப்புத் தாளை நனைப்பது விதைச் சோதனைச் சாலைகளில் உலகெங்கும் உள்ள வழக்கம். உள்பூட்டை இளக்க இது உதவும். வெறும் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைப்பதும் நல்லதே. ஆனால் உறக்கம் தெளிந்த விதையை விரைவுபடுத்தத்தான் அது பயன்படும், உறங்கும் விதையை எழுப்பாது.

இத்தனையும் செய்யுமுன் விதையில் உயிர் இருக்கிறதா என்று அறிவது எப்படி? 1942ஆம் ஆண்டில் ஜெர்மானியரான லாக்கான் டெட்ரஸோலியம் என்னும் உப்பைக்கொண்டு ஒரு வழி காட்டினார். விதையைப் பிளந்து நிறமற்ற அக்கரைசலில் இட்டால், மூச்சுவிடும் உயிருள்ள பகுதி சிவக்கும். செத்த பகுதி வெளிறியே இருக்கும். உறக்கத்தையும் சாவையும் ஒரே நாளில் பிரித்துக் காட்டும் அரிய சோதனை இது. அவ்வசதி இல்லாதவர் நூறு விதையை எண்ணி, ஈரத் துணியில் பரப்பி, மூடிய தட்டில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து முளைத்தவற்றை எண்ணலாம். சிக்னல் புல் விதைக்குச் சூடு மாறி மாறி வருவது பிடிக்கும். பகலில் 35 பாகையும் இரவில் 20 பாகையுமாகச் சோதனைச் சாலையார் வைப்பர். தட்டை வெளிச்சம் படும் திண்ணையோரம் வைத்தால் ஓரளவு அந்நிலை கிட்டும்.

அப்படிக் கிடைத்த எண்ணை வைத்துச் செய்யும் கணக்கு ஒன்று உண்டு. மூட்டையில் 80 விழுக்காடு உண்மையான விதை, மீதி பதரும் மண்ணும் என்று வைத்துக்கொள்வோம். அவ்விதையில் முளைப்பது 30 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் மூட்டையின் மெய்யான மதிப்பு 24 விழுக்காடே. நிலத்துக்கு 3 கிலோ முளைக்கும் விதை தேவையென்றால் மூட்டையிலிருந்து 12½ கிலோ அளக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய விதை கடைசியில் அதிக விலையாவது இவ்வாறுதான். பிரேசிலில் இந்தப் பெருக்குத்தொகையைப் பார்த்தே விதையை விலை பேசுகிறார்கள். இங்கேயும் அப்படிக் கேட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, மண்ணிலே கிடந்தால் தானே சில மாதத்தில் விழித்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். விழித்துக்கொள்ளும், ஆனால் அதற்குள் லாலான் நிலத்தைப் பிடித்துவிடும். உழுது துப்புரவாக்கிய நிலம் நம் நாட்டில் இரண்டு மாதம் வெறுமனே கிடக்காது. அத்துடன் நிழலும் சேர்ந்துகொள்கிறது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் கீரை இனத்தைச் சேர்ந்த லெட்டூஸ் விதையை ஆராய்ந்தபோது, சிவப்பொளி விதையை எழுப்புவதையும், சிவப்பின் கடைக்கோடியிலுள்ள மங்கிய ஒளி அதை மறுபடி உறங்க வைப்பதையும் கண்டனர். இலைகளின் ஊடே வடிந்து வரும் ஒளியில் மிகுந்திருப்பது இந்த இரண்டாவது ஒளிதான். பல சிறு விதைகளின் இயல்பு இது. களை மூடிய நிலத்தில், பின்தங்கிய விதை மேலும் பின்தங்கிப் போகிறது.

ஆதலால் விதையை ஆழப் புதைக்கலாகாது. கினி புல் விதைக்கு ஒரு செண்டிமீட்டர் மண் போதும். சற்றே பருத்த சிக்னல் புல் விதைக்கு இரண்டு வரை போகலாம். ஒரு கிலோவில் முன்னதன் விதை பத்து இலட்சத்தை ஒட்டியும், பின்னதன் விதை இரண்டு இலட்சத்துக்கு மேலும் இருக்கும் என்பதிலிருந்தே அவற்றின் சிறுமை விளங்கும். தூவியபின் மரக்கிளையை இழுத்து மண்ணை மூடி, காலாலோ உருளையாலோ அழுத்திவிட வேண்டும். எறும்பைக் கவனிக்க வேண்டும். இரவோடு இரவாக அது இழுத்துச் சென்ற விதைக்கும் முளைக்காத விதை என்றே பெயர் வந்துவிடும். மருந்து பூசிய விதையை ஊறவைக்கக் கூடாது. பூச்சு கரைந்து வீணாகும்.

சிக்னல் புல்லைத் தேர்ந்தெடுப்போர் விதைக்குமுன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மாடு அதைத் தின்று நன்றாக வாழும். செம்மறி ஆட்டுக்கோ அதிலுள்ள சப்போனின் என்னும் பொருள் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்டால் முகமும் காதும் வீங்கிப் புண்ணாகும் நோயை உண்டாக்கும். வெள்ளாட்டுக்கும் ஓரளவு அத்தீங்கு உண்டு. மலேசிய ஆராய்ச்சியாளர்கள் நன்கு ஆராய்ந்து உறுதி செய்த செய்தி இது. மாட்டோடு ஆடும் வைத்திருக்கும் குடும்பம் கினி புல் விதையை வாங்குவதே மேல். அதற்கு உறக்கம் அதிகம் என்றாலும், ஆறு மாதம் முன்னதாக வாங்கி உலர்ந்த டின்னில் போட்டு வைத்தால் போதும்.